பழனி மலைச்சரிவில் செங்காந்தள்: அழுகியதும் பூத்ததும்

வீட்டு முன்பக்கக் காந்தள் பாத்தி இந்த ஆண்டு ஒழுங்காகப் பூத்து, காய் பிடித்து, இப்போது கொடி மஞ்சளடிக்கத் தொடங்கியிருக்கிறது. கிழங்கைத் தோண்டும் வேலை வந்துவிட்டால் அளவும் விலையும் மறந்துபோகும் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

இடம் தாண்டிக்குடிப் பக்கம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர். சுற்றிலும் காப்பி, மிளகு, மலைவாழை. கொடைக்கானல் குளிரும் இல்லை, வத்தலக்குண்டு வெயிலும் இல்லை. இங்கே எந்தச் செடியை வைப்பது என்று முடிவு செய்வது மழைதான். ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை இடியோடு வரும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சாரல், அதுவும் விட்டுவிட்டு. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் டிசம்பர் வரை மண் காயவே காயாது. அப்புறம் ஜனவரி பிறந்ததும் வானம் வெளுத்து மூன்று மாதம் சொட்டுக்கூட இருக்காது. ஊற்றிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவருகிற தண்ணீர் பிப்ரவரி கடைசியில் சமையலுக்கும் குளியலுக்கும்தான் காணும். அந்த நேரத்தில் ஹைட்ரேஞ்சாவும் ரோஜாவும் தலை தொங்கி நிற்கும். லாரித் தண்ணீர் வாங்கி ரோஜாவுக்கு ஊற்றுவது எனக்குக் கட்டுப்படியாகாது.

அதனால் அந்த மூன்று மாதமும் தண்ணீரே வேண்டாத, இந்த ஊர்ச் செடி ஒன்றைத் தேடினேன். காந்தள் கொடி காய்ந்ததும் மண்ணுக்குள் கிழங்காகப் படுத்துக்கொள்ளும். கோடை மழை பட்டதும் எழுந்து, பூத்து, காய்த்து, மறுபடி படுத்துவிடும். வேலியோரங்களிலும் காட்டு விளிம்பிலும் யாரும் நடாமலே வளர்கிற கொடி, தமிழ்நாட்டின் மாநில மலர். கேட்டவுடன் சுலபமான வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கிழங்கை எங்கே வாங்குவது என்பது முதல் கேள்வி. "காட்டுக்குள்ள நிறைய கிடக்கு, ரெண்டு மழைக்கு அப்புறம் தோண்டிட்டு வரலாம்" என்றார்கள். வனத்துறை நிலத்தில் கை வைப்பது குற்றம். மருந்துக்காகத் தோண்டித் தோண்டி காட்டில் அது குறைந்தும் வருகிறது. கீழே ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கமெல்லாம் இதைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பயிராகவே செய்கிறார்கள். விதையிலிருந்து கால்ச்சிசின் எடுக்கிறார்கள். கீல்வாத மருந்து அது. அறுவடை முடிந்து கிழங்கு தோண்டுகிற சமயத்தில் மூலனூர் பக்கத்து விவசாயி ஒருவரிடம் ஒன்றரைக் கிலோ வாங்கினேன். கிலோ 450 ரூபாய். ஒவ்வொன்றும் 50, 60 கிராம் இருந்தது.

அந்தக் கிழங்கை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கிளை பிரிந்து ஏர்க்கலப்பை மாதிரி இருக்கும். கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண் இருக்கும். அந்த நுனி உடைந்தால் அந்தக் கிளையிலிருந்து எதுவும் வராது. உருளைக்கிழங்கு போல எங்கே வெட்டினாலும் முளைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பஸ்ஸில் சாக்கில் போட்டு, மேலே வேறு மூட்டையை வைத்து, ஹேர்பின் வளைவுகளில் குலுங்கக் குலுங்கக் கொண்டு வந்ததில் நாலைந்து நுனி போயிருந்தது. இப்போது கொண்டு வந்தால் பேப்பரில் சுற்றி முட்டை அட்டையில் அடுக்கித்தான் கொண்டு வருவேன்.

இன்னொரு விஷயம், இதைத் தள்ளிப் போடக் கூடாது. இந்தச் செடி முழுவதுமே விஷம். கிழங்கிலும் விதையிலும் அதிகம். சர்க்கரைவள்ளி என்றோ வேறு கிழங்கு என்றோ நினைத்து வேகவைத்துச் சாப்பிட்டால் உயிர் போகும். வெட்டும்போது ரப்பர் கையுறை போட்டேன், கத்தியைத் தனியாக வைத்தேன், கிழங்குப் பெட்டியைச் சமையலறைப் பக்கமே கொண்டு வரவில்லை. பெட்டி மேல் சிவப்பு மையில் "விஷம்" என்று எழுதி மாட்டுக் கொட்டகைப் பரணில் ஏற்றிவிட்டேன். வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்தாலோ, அவிழ்த்து விட்டு வளர்க்கிற ஆடு இருந்தாலோ இந்தச் செடி வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வேலி போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். ஆட்டுக்கு வேலி ஒரு பொருட்டா?

முதல் நடவு வீட்டுக்குப் பின்னால், ஏற்கெனவே பூச்செடி இருந்த பாத்தியில். நல்ல கறுப்பு மண், இலைமக்கு நிறைய. ஜூன் சாரலில் நட்டு, எல்லாச் செடிக்கும் போல வாரம் இரண்டு முறை தண்ணீர். பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. முளைத்தவை ஒரு முழம் வளர்ந்து அப்படியே நின்றன. அக்டோபர் மழைக்குப் பிறகு தண்டைத் தொட்டதும் கையோடு வந்தது. தோண்டினால் கிழங்கு கூழாகி, நாற்றம் குமட்டியது. மூலனூர்க்காரருக்குப் போன் செய்தேன்.

"தம்பி, பின்னால பாத்தின்னா சமையல்கட்டுத் தண்ணி அந்தப் பக்கமா போகுதா?"

"கொஞ்சம் தள்ளித்தாண்ணே போகுது."

"தள்ளிப் போனாலும் மண்ணுக்குள்ள வரும்ல. எங்க காடு செஞ்சரளை. மழை பேஞ்ச மறுநாளு செருப்பு போட்டு நடக்கலாம். உங்க மண்ணுல கால் வெச்சா என்ன ஆகும்?"

கால் புதையும். அவ்வளவுதான் விஷயம். அங்கே இயற்கையாகவே வடிகிற மண். இங்கே வடிகிற மண்ணை நான்தான் உண்டாக்க வேண்டும். மூன்று மாத வறட்சியைத் தாங்கும் செடியா என்று பார்த்து வாங்கிவிட்டு, மூன்று மாத ஈரத்தை அது தாங்குமா என்று யோசிக்காமல் விட்டிருக்கிறேன்.

அதன் பிறகு செய்த மேட்டுப்பாத்திதான் இந்த வேலையின் பெரிய பகுதி. முன்பக்கம், கிழக்கு பார்த்த சரிவு. காலை வெயில் முழுதாக விழும்; மதியத்துக்கு மேல் சில்வர் ஓக் நிழல் வந்துவிடும். நீளம் 8 அடி, அகலம் 3 அடி, உயரம் ஒன்றேகால் அடி. சுவருக்குக் காப்பித் தோட்டத்தில் பொறுக்கிய கல்லைச் சிமெண்டு இல்லாமல் அடுக்கினேன்; இடுக்கு வழியாகத் தண்ணீர் வெளியேறட்டும் என்றுதான். அடியில் உள்ள பழைய மண்ணைச் சமமாக்காமல், சரிவுப் பக்கம் ஒரு சாண் தாழ்வாகவே விட்டேன். கடப்பாரையால் அந்தத் தரையில் ஆங்காங்கே குத்தி விட்டேன்.

அடியில் மூன்று அங்குல உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி, சிமெண்டுச் சாக்கில் 5 மூட்டை. அதற்கு மேல் மண் கலவை: சரளை கலந்த செம்மண் ஒரு பங்கு, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) ஒரு பங்கு, சலித்த இலைமக்கு ஒரு பங்கு. எம்-சாண்ட் 7 மூட்டை பிடித்தது. அதை அப்படியே கொட்டக் கூடாது. அதிலிருக்கும் கல்மாவு ஈரத்தில் சிமெண்டு போல இறுகிவிடும். கொசுவலையை மடித்து அதில் போட்டு, குழாயடியில் அலசி, மாவு போன பிறகுதான் கலந்தேன். முதுகு ஒடிகிற வேலை. ஆற்று மணல் கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை, கிடைக்காது. கலவையில் பழைய தொழு உரம் இரண்டு சட்டி, அடுப்புச் சாம்பல் ஒரு சட்டி. வேறு எந்த உரமும் போடவில்லை.

பாத்தி முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஒரே இடத்தில் சரசரவென்று ஊற்றிப் பார்த்தேன். கல் இடுக்கில் தண்ணீர் கசிந்து வர ஆரம்பிப்பதற்குள் மேலே தேங்கியது காணாமல் போனது. இந்தச் சோதனையைச் செய்யாமல் கிழங்கை உள்ளே வைக்க வேண்டாம்.

செலவு: ஜல்லி 300, எம்-சாண்ட் 490, இரண்டையும் ஏற்றி வந்த சின்ன யானை வண்டிக்கு வாடகை 900, கல் அடுக்க உதவிய அண்ணனுக்கு ஒரு நாள் கூலி 800. புதிதாக வாங்கிய கிழங்கு இன்னொரு ஒன்றரைக் கிலோ, 675. கட்டுக்கம்பி ஒரு கிலோ 90. ஆக மொத்தம் 3,255 ரூபாய். இதில் செடிக்குப் போனது ஐந்தில் ஒரு பங்குதான், மீதியெல்லாம் தண்ணீரை வெளியேற்றுவதற்கு. மலையில் கல்லை விட வண்டி வாடகைதான் விலை அதிகம்.

கிழங்கை நடுவதற்கு முன்னால் வைத்திருப்பதும் ஒரு வேலை. முதல் ஆண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்ததில் வேர்த்து, பூஞ்சை படர்ந்துவிட்டது. இந்த முறை அட்டைப் பெட்டியில் காய்ந்த மணல் ஓர் அடுக்கு, கிழங்கு ஓர் அடுக்கு. ஏப்ரல் நடுவில் திறந்தபோது சில நுனிகள் வெள்ளையாகத் திரண்டிருந்தன. தண்ணீரைத் தொடாமலே விழித்துக்கொண்டன. அந்தப் பருவத்தில் நுனி இன்னும் மென்மையாக இருக்கும், விரல் பட்டாலே உடையும். அதனால் பெரிய கிழங்குகளை நுனி திரள்வதற்கு முன்பே நடுவில் வெட்டிப் பிரித்து, வெட்டுவாயில் சாம்பல் தடவி, நிழலில் காய வைத்துவிடுவது நல்லது. ஈரக் காயத்தோடு மண்ணுக்குள் போனால் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும்.

முதல் கோடை மழை மண்ணை நனைத்த பிறகு, மே மாதம் நட்டேன். இரண்டு வரிசை, வரிசைக்கு எட்டு. கிழங்குக்குக் கிழங்கு ஓர் அடி, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி. படுக்கை வாட்டில் வைத்து மேலே மூன்று அங்குலம் மண். கையால் அழுத்தவில்லை. மீதிக் கிழங்குகளை 12 அங்குல வளர்ப்புப் பைகளில் அதே கலவையில் வைத்தேன். நட்ட பிறகு தண்ணீர் ஊற்றவில்லை. இது மனசுக்குக் கஷ்டமான பகுதி. தினமும் காலையில் காப்பி டம்ளரோடு போய் வெறும் மண்ணைப் பார்த்துவிட்டு வர வேண்டும், கை வாளியைத் தேடும். மூன்று வாரம் போல ஆனது. முளை வரும்போது மண்ணைத் துளைத்துக்கொண்டு கூர்மையாக, கொஞ்சம் சிவப்பு பாய்ந்த பச்சையில் வரும். களைக்கொத்தியோடு போகிறவர்கள் பார்த்துப் போக வேண்டும். களையை அந்த மாதம் முழுக்கக் கையால்தான் பிடுங்கினேன்.

அடுத்தது கொம்பு. இந்தக் கொடிக்குப் பாகல் மாதிரித் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பிடித்துக்கொள்ளும். அந்த நுனியால் பென்சிலை விடத் தடிமனானதைச் சுற்ற முடியாது. நான் அழகாக இருக்கட்டும் என்று ஊன்றிய மூங்கிலில் இலை நுனி வழுக்கி, கொடி ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து சிக்கியது. கீழே கிளுவை முள்ளை வரிசையாக ஊன்றி அதில் ஏற்றுவார்கள். எனக்குக் கைக்குக் கிடைத்தது காப்பிக் கவாத்துக் குச்சி. கவாத்து முடிந்து விறகுக்குப் போகிற கிளைகளில், குறுக்குக் குச்சி நிறைய இருப்பதாகப் பார்த்து ஐந்தடி நீளத்துக்கு நறுக்கி, மூங்கிலோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டேன். இரண்டு மூன்று நாளில் கொடி தானாகவே பிடித்துக்கொண்டது. செலவு இல்லை, பார்க்கவும் மூங்கிலை விட நன்றாக இருக்கிறது. குறுக்கே கம்பி இழுக்க வேண்டிய தேவையே வரவில்லை. வாங்கிய ஒரு கிலோ கட்டுக்கம்பியில் முக்கால் பங்கு அப்படியே இருக்கிறது.

ஜூலையில் ஓர் இரவு காட்டு மாடு வந்து பாத்தியின் ஒரு மூலையைச் சரித்துவிட்டுப் போனது. தின்னவில்லை, நடந்து போனதுதான். அந்த உடம்புக்கு நம் கல் சுவர் கண்ணிலேயே படாது. மூன்று கொடி முறிந்தது. முறிந்தது அந்த ஆண்டு மறுபடி தழையவில்லை. ஆனால் கிழங்கு உள்ளே உறுதியாக இருப்பதைக் கிளறிப் பார்த்து உறுதி செய்துகொண்டு மூடிவிட்டேன்.

புழு ஆகஸ்டில் வந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளையும் ஆரஞ்சுச் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழு. பட்டப்பகலில் கூச்சமே இல்லாமல் இலை மேல் உட்கார்ந்து தின்னும். இந்தக் குடும்பத்துச் செடிகளின் விஷம் அதற்குச் சாப்பாடு. ஒருநாள் கவனிக்காமல் விட்டால் ஒரு கொடி முழுவதும் எலும்பாக நிற்கும். முதலில் வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தேன்: லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு. குட்டிப் புழுக்கள் குறைந்தன, பெரியவை அசரவில்லை. அப்புறம் காலையிலும் மாலையிலும் கையுறையோடு பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டேன். மீதி இருந்த கொடிகளுக்கு இது பெரிய வேலை இல்லை. இலைக்கு அடியில் கொத்தாக இருக்கும் முட்டையைப் பார்க்கும்போதே இலையோடு கிள்ளிவிட்டால் பாதி வேலை மிச்சம்.

தண்ணீர் ஊற்றியது ஆகஸ்டில் சாரல் நின்றுபோன நாட்களில் மட்டும்தான், செடிக்கு இரண்டு செம்பு, வாரத்துக்கு ஒரு முறை. அதுவும் மண்ணில் விரலை இரண்டு கணு இறக்கிப் பார்த்துக் காய்ந்திருந்தால்தான்.

பூ ஆகஸ்ட் கடைசியிலிருந்து. மொட்டு தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழும் பின்பக்கம் மடங்கி மேல்நோக்கி நிற்கும். ஓரமெல்லாம் நெளிநெளியாக இருக்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள், அப்புறம் நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறமும் சேர்ந்து நிற்கும். ஒரு பூ ஒரு வாரத்துக்கு மேல் நிற்கிறது. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ கல்லு மண்ணு? எங்க அம்மா ஊர்ல வேலியில சும்மா கிடக்கும்" என்றார். அவர் அம்மா ஊர் நிலக்கோட்டைப் பக்கம். அங்கே கிடக்கும்தான்.

பூவுக்காக மட்டும் வளர்க்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு விதையும் வேண்டும் என்று ஆசை. இந்தப் பூவில் சூல்தண்டு நேராக நிற்காமல் அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். அதனால் பூச்சி வராவிட்டால் காய் குறைவு. தோட்டப் பயிரிலும் கையால்தான் மகரந்தம் சேர்க்கிறார்கள். நான் காலை எட்டு மணிக்கு மேல், பனி காய்ந்த பிறகு, குழந்தைகள் படம் வரைகிற ஒன்றாம் நம்பர் தூரிகையால் ஒரு கொடியின் மகரந்தத்தை வேறு கொடியின் சூல்முடியில் தடவினேன். தடவிய பூவின் காம்பில் சிவப்பு நூல். சிவப்பு நூல் கட்டியதில் பெரும்பாலும் காய் பிடித்தது. கட்டாததில் அங்கொன்று இங்கொன்று. மூடுபனி உள்ள நாளில் தடவியவை வீண்.

அக்டோபர் மழையில்தான் பாத்திக்கும் பைக்கும் வித்தியாசம் தெரிந்தது. பாத்தியில் கிழங்கு அழுகவில்லை. ஜல்லியும் மணலும் தங்கள் வேலையைச் செய்தன. ஆனால் இலையில் பழுப்பு வட்டங்கள் விழுந்து, ஓரத்திலிருந்து கருகிப் பாதி இலை போய்விட்டது. காய் இன்னும் முற்றாத நேரம். பைகளில் இருந்தவற்றை நான் மழை தொடங்கியதுமே தாழ்வாரத்துக்குள் இழுத்து வைத்திருந்தேன். அவற்றில் ஒரு புள்ளி இல்லை. பாத்தி மேல் பாலிதீன் விரிப்பைக் கூரையாகக் கட்டிப் பார்த்தேன். உள்ளே புழுக்கம் சேர்ந்து கருகல் கூடியதால் அவிழ்த்துவிட்டேன். கருகிய இலைகளைக் கிள்ளித் தீயில் போட்டதோடு சரி.

பைச் செடிகளுக்கும் ஒரு குறை உண்டு. புதுக் கிழங்கு கீழ்நோக்கி இறங்கிப் போகும் பழக்கம் உள்ளது. கொடி முதலில் காய்ந்த பை ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன். பழைய கிழங்கு வெறும் தோலாகச் சுருங்கியிருந்தது, புதுக் கிழங்கு பையின் அடியில் முட்டி வளைந்திருந்தது. எடை 70 கிராம், நட்டதை விட அதிகம்தான். ஆனால் ஒரு நுனி நசுங்கிவிட்டது. 12 அங்குல உயரம் போதாது. 18 அங்குலமாவது வேண்டும்.

விதையிலிருந்தும் முயற்சி நடக்கிறது. போன ஆண்டு விவசாயி கொடுத்த ஒரு கைப்பிடி விதையைத் தட்டில் தூவினேன். ஒன்று ஒரு மாதத்தில் வரும், அடுத்தது இரண்டு மாதம் கழித்து வரும், பல வரவே வராது. வந்தவை இரண்டு மூன்று இலை விட்டு, ஒரு பட்டாணி அளவுக்குக் கிழங்கு வைத்துவிட்டுக் காய்ந்துவிட்டன. இவை பூக்க இன்னும் மூன்று நான்கு ஆண்டு. பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும்.

அடுத்த முறை மாற்றப் போவது இவை. கோடை மழைக்குக் காத்திராமல் ஏப்ரல் தொடக்கத்திலேயே பைகளில் லேசாக ஈரம் காட்டி எழுப்பி, பூவை ஜூலைக்குள் கொண்டுவர வேண்டும். காய் முற்றுவதற்கு நான்கு மாதம் போல இடைவெளி கிடைத்தால் தீபாவளி மழை அடிக்கும்போது கொடியில் இழப்பதற்கு ஒன்றும் இருக்காது. வரிசை இடைவெளியை ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடியாக்கிக் காற்று புகவிடுவேன். பாத்தியின் உயரம் ஒன்றேகால் அடி போதும், அதில் மாற்றமில்லை. காட்டு மாட்டுக்கு எதிராக எதுவும் செய்யப் போவதில்லை. வேலிக்குச் செலவு செய்வதை விட அந்த மூலையில் எதையும் நடாமல் அதற்கு வழி விட்டுவிடுவது மலிவு.

இப்போது கொடிகள் மஞ்சளாகிவிட்டன. தண்டு தானாகக் காய்ந்து விழும் வரை தொடமாட்டேன். பச்சையாக இருக்கும்போதே அறுத்தால் கிழங்கு சிறுக்கும் என்று மூலனூர்க்காரர் இரண்டு முறை சொல்லிவிட்டார். பாத்தியில் உள்ள கிழங்கில் பாதியைப் பொங்கலுக்கு அப்புறம் தோண்டி எடைபோட்டு மணல் பெட்டியில் வைத்துக்கொண்டு, மீதிப் பாதியைத் தோண்டாமல் அப்படியே மண்ணில் விடுவதாக உத்தேசம். எந்தப் பாதி மே மாதம் முதலில் எழுகிறது என்று பார்க்க வேண்டும். தோண்டாமல் விடுவதே நன்றாக வந்தால் பெட்டியும் மணலும் அடுத்த ஆண்டு தேவையில்லை.